பில் 62,000, வந்தது 38,000: மீதி எங்கே போச்சு?

கார் ரிப்பேர் பில் 62,000-க்கு இன்சூரன்ஸ் கம்பெனி 38,000தான் கொடுத்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கம்பெனியிடம் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட்டவர்) அறிக்கையின் நகலைக் கேளுங்கள், க்ளைம் எண் போட்டு இமெயிலில். கேட்டால் கொடுத்தாக வேண்டும். 24,000 எங்கே போனது என்பது அதில் சாமான் வாரியாக இருக்கும்.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்கவில்லை என்கிறீர்கள், அப்போது பெரும்பாலும் தேய்மானம்தான், அதாவது சாமான் பழசானதற்குக் கழிப்பது. பம்பர், கிரில் மாதிரி பிளாஸ்டிக்குக்குப் பாதி விலைதான். நாலரை வருட வண்டிக்குத் தகரச் சாமானில் 35 சதவீதம் போகும். கண்ணாடிக்குக் கழிவே கிடையாது.

பெயின்டிங் வரியை நன்றாகப் பாருங்கள், தப்பு நடப்பது அங்கேதான். கூலியும் பெயின்டும் பிரிக்காத பில் என்றால் மொத்தத்தில் கால்பங்குதான் பெயின்ட் விலை. அதில்தான் பாதி கழிக்கலாம். 8,000 பில்லுக்குக் கழிவு 1,000. அங்கே 4,000 என்று இருந்தால் விடாதீர்கள்.

இதுபோகக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு க்ளைமிலும் நீங்களே ஏற்க வேண்டியது), 1500 சிசி வரை 1,000.

கணக்கு இடித்தால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்ப்பவர்), கட்டணமில்லை. கம்பெனி கிளை பாறசாலை (கேரளா), உங்கள் வீடு களியக்காவிளை (தமிழ்நாடு) என்பதால் கொச்சி, சென்னை எங்கே கொடுத்தாலும் செல்லும். ஆனால் இதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தால் ஆம்பட்ஸ்மேனிடம் எடுக்க மாட்டார்கள்.