மணி பிளான்ட் இலை உடைந்துவிட்டது, தண்ணீரில் போட்டு வைத்தால் புதுச் செடி வருமா?

வேர் வரும், செடி வராது. காம்போடு ஒடிந்த ஒற்றை இலையைப் பாட்டில் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வெள்ளையாக வேர் விடும், மாதக்கணக்கில் பச்சை மாறாமலும் நிற்கும், நாமும் இன்று துளிர்க்கும் நாளை துளிர்க்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம், ஆனால் துளிர்க்க வேண்டிய மொட்டு இலையில் கிடையாது, காம்பு தண்டோடு சேரும் கணுவில்தான் இருக்கிறது. அதனால் உடைந்த துண்டை முதலில் எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தண்டும், அதில் பழுப்பாகச் சின்னப் புடைப்பு மாதிரி வான்வேரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். கணு தண்ணீருக்குள், இலை வெளியே, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும்.

காதலர் தினத்துக்கு இதய வடிவ இலை ஒன்றைக் குட்டித் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, ஹோயா கெர்ரி, அதிலும் இதே கதைதான். பெரும்பாலும் கணு இல்லாத இலை, வருடக்கணக்கில் ஒற்றை இலையாகவே நிற்கும். கொடுத்தவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

இலையிலிருந்தே முளைக்கும் செடிகளும் இருக்கின்றன. கட்டிப்போட்டால் குட்டி போடும் என்று ஊரில் சொல்வோமே, அந்த ரணகள்ளிக்கு இலையோரப் பள்ளங்களிலேயே மொட்டு இருக்கிறது, ஈர மண் மேல் சும்மா போட்டாலே ஓரமெல்லாம் குட்டி வந்துவிடும். ஆப்பிரிக்கன் வயலட், ரெக்ஸ் பிகோனியா இரண்டும் வெட்டுப்பட்ட இடத்தில் புதிதாக மொட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஜீஜீ பிளான்ட்டின் சிற்றிலை ஒன்றை நட்டால் முதலில் அடியில் கிழங்கு கட்டும், அப்புறம்தான் முளை, அதற்குப் பல மாதங்கள் ஆகும். எச்சவேரியா மாதிரி சதைப்பற்றுள்ள செடிகளில் இலை அடிவரை முழுசாகக் கழன்று வந்திருக்க வேண்டும், பாதியில் பிய்ந்தது வீண். அதை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, காயம் உலர்ந்த பிறகு மண் மேல் வையுங்கள்.

ஸ்னேக் பிளான்ட் இலையைத் துண்டு துண்டாக வெட்டியே நடலாம். ஆனால் எது அடிப்பக்கம் என்று வெட்டும்போதே அடையாளம் வைத்துவிடுங்கள், தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. மஞ்சள் ஓரம் போட்ட வகை என்றால் இன்னொரு சங்கடம், இலைத்துண்டிலிருந்து வரும் குட்டியில் அந்த மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான். மஞ்சள் வேண்டும் என்றால் பக்கக் கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

மண் பெரிய விஷயமில்லை. மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்தால் சரி, உரம் இப்போது வேண்டவே வேண்டாம். காய்ந்து செத்த துண்டுகளைவிட, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகிய துண்டுகள்தான் அதிகம். தொட்டியில் ஓட்டை இருக்கட்டும், நேர் வெயில் படாத வெளிச்சமான இடம் போதும்.

உங்கள் துண்டில் கணு இல்லையென்றாலும் கவலை இல்லை, தாய்க்கொடி இருக்கிறதே. நீளமாகத் தொங்கும் கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு கணுவாவது இருக்கும்படி பிரித்து வேர் பிடிக்க வையுங்கள். வெட்டிய கொடியும் மிச்சமிருக்கும் கடைசிக் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர் விட்ட துண்டுகளை அதே தொட்டியிலேயே சுற்றி நட்டுவிட்டால் செடி அடர்த்தியாகவும் தெரியும்.