கொரோனா போயாச்சு, இனி அந்தப் படிப்புக்கு என்ன வேலைன்னு கேட்ட குளச்சல் அக்காவுக்கு

அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல கூட்டமா இருந்ததால சரியா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்ணுதேன். நீட்ல மார்க் கொறஞ்சு போச்சு, பிள்ள இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ண மாட்டேங்கா, தொத்துநோய் சம்பந்தமாத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, கொரோனாதான் போயாச்சே இனி அதுல யாரு வேல குடுப்பான்னு கேட்டிய. பெத்த மனசு அப்படித்தான் கேக்கும்.

2004 டிசம்பர் 26 காலைல நம்ம குளச்சல்ல கடல் உள்ள ஏறி வந்தப்போ முன்கூட்டியே சொல்ல ஒரு ஆளு இல்ல, அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2007-ல ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு, கடல் சும்மா கெடக்க நாள்லயும் அங்க ராத்திரி பகலா ஆளு இருந்து பாத்துட்டேதான் இருக்காங்க. நோய்க்கும் அப்படித்தான் அக்கா. 1918 ஃப்ளூல நம்ம நாட்டுல மட்டும் ஒரு கோடிக்கு மேல செத்தாங்க, பிறகு 1957, 1968, 2009-லயும் புது ஃப்ளூ உலகம் பூரா பரவுச்சு, அப்புறம் கொரோனா. இடைப்பட்ட வருஷங்கள்ல கணக்கு பாத்துட்டு இருக்கதுதான் இந்த வேலையே.

டாக்டர் ஆனாத்தான் முடியும்னு நெனைக்காதீங்க. 1854-ல லண்டன்ல பிராட் ஸ்ட்ரீட் பக்கம் காலரா வந்தப்போ ஜான் ஸ்னோ டாக்டர்தான், ஆனா அவர் செஞ்சது மருந்து குடுத்தது இல்ல, பதிவு ஆபீஸ்ல செத்தவங்க லிஸ்ட்ட வாங்கிட்டு வீடு வீடா போயி எந்த பம்புல தண்ணி எடுத்தீங்கன்னு கேட்டாரு. பக்கத்துலயே இருந்த பீர் ஆலைல வேல பாத்தவங்க ஒருத்தரும் சாகல, ஏன்னா அவங்க அந்த பம்பு தண்ணிய குடிக்கவே இல்ல. பம்போட கைப்பிடிய கழத்த வச்சாரு. காலராவுக்கு இந்த கிருமிதான் காரணம்னு ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் காட்டுனது அதுக்கு 30 வருஷம் கழிச்சுதான்!

2018-ல கோழிக்கோட்டுல நிபா வைரஸ் காய்ச்சல் வந்ததும் ஒரே வீட்டுல ரெண்டாவது ஆளுக்கும் அதே மாதிரி இருக்கேன்னு டாக்டர்மாரு கவனிச்சு சாம்பிள் அனுப்புனதாலதான் சீக்கிரம் பிடிபட்டுச்சு, அப்படியும் 17 பேரு போய்ட்டாங்க. அவங்க கூட பழகினவங்கன்னு 2000 பேருக்கு மேல லிஸ்ட் போட்டு தெனமும் விசாரிச்சாங்க. அந்த லிஸ்ட் போடுத வேலைக்கு ஆளு வேணும்லா.

உங்க பிள்ள அன்னைக்கு பையில இருந்து ஒரு நோட்ட எடுத்துக் காட்டினா, நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. 2020-ல சாயங்காலம் டிவில சொன்ன கன்னியாகுமரி மாவட்ட கணக்க நாள் தவறாம எழுதி, பழைய காலண்டர் தாள் பின்பக்கம் கோடு போட்டு ஒட்டி வச்சிருக்கா. ரெண்டு நாள் எண்ணிக்கை விட்டுப்போன எடத்துல யூகிச்சு எழுதாம காலியா விட்டிருக்கா. நீட் மார்க்க விட எனக்கு அதுதான் பெருசா தெரிஞ்சுது.

அதனால ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல, அதாவது புள்ளியியல்ல டிகிரி சேருங்க, இல்லன்னா கிருமிகள பத்தி படிக்க மைக்ரோபயாலஜி. என்ன கேட்டா ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னுதான் சொல்லுவேன். பிறகு வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர்ல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல் இருக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுல பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் இருக்கு, நாகர்கோவில்ல இருந்து ரயில்ல போயிட்டு வந்துரலாம். எந்த டிகிரிக்கு எடம் உண்டுன்னு ஒவ்வொரு எடத்துலயும் வேற மாதிரி இருக்கும், அத இப்பவே பாத்துட்டுதான் டிகிரி எடுக்கணும். கால்நடை மருத்துவமும் யோசிங்க, இங்க ஸ்டேட் கோட்டாவுக்கு பிளஸ் டூ மார்க்தான், நிபா வவ்வால்ல இருந்தும் பறவைக் காய்ச்சல் கோழி வாத்துல இருந்தும் வரப்போ மிருகம் பறவைங்க பக்கம் பாக்குதது அவங்கதான். பளபளன்னு புதுப்பேர் வச்ச கோர்ஸ்ல மட்டும் பணத்த கட்டிராதீங்க.

ஒண்ணு மறைக்காம சொல்லிருதேன், மாவட்ட நோய் கண்காணிப்பு பிரிவுல வர்ற வேலையும் ஆராய்ச்சி புராஜெக்ட் வேலையும் பலது கான்ட்ராக்ட்தான், ஆரம்பத்துல சம்பளம் கொறச்சலாத்தான் இருக்கும். வீட்டு லோன், தம்பி படிப்பு எல்லாத்தையும் வச்சு கணக்கு பாத்துட்டு சொல்லுங்க.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல வாங்க, மார்க்லிஸ்ட், கம்யூனிட்டி சர்டிபிகேட், அந்த நோட்டு மூணும் எடுத்துட்டு பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.