நட்டக் கணக்கில் எழுதிய பெருமை

கேள்வி: எனக்கு எழுபது வயது நிறைகிறது. பிள்ளைகள் ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். என் வாழ்வில் நான் பெருமைப்படும் சாதனைகளை வரிசைப்படுத்தித் தரும்படி கேட்கிறார்கள். கரைவலை இழுக்கும் கூலியாளாகத் தொடங்கி மூன்று விசைப்படகுகளுக்கு உரிமையாளர் ஆனேன். மாடி வீடு கட்டினேன். மகன் துபாயில் பொறியாளர், மகள் மருத்துவர். ஊர்ப் பள்ளிக்கு நான் கட்டிக்கொடுத்த நுழைவாயிலில் என் பெயர் இருக்கிறது. அக்கம்பக்கத்தவர் தடை செய்யப்பட்ட இரட்டைமடி வலை இழுத்துச் சம்பாதித்த காலத்தில் நான் அதை இழுக்காததால் ஒரு படகை விற்க நேர்ந்தது. அந்த நட்டம் மட்டும் இல்லையென்றால் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். இவற்றில் எதை முதலில் வைப்பது? உங்களுடைய பெரிய சாதனை எது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மண்டபம்)

பதில்: உங்கள் பட்டியலில் சிலவற்றை முதலில் எடுத்துவிடலாம். மகனும் மகளும் பெற்ற பட்டங்கள் அவர்கள் கண் விழித்துப் படித்துப் பெற்றவை. கடலில் உழைத்துக் கட்டணம் கட்டியவர் நீங்கள் என்பது உண்மைதான். ஆனால் அதை அவர்கள் எழுதினால்தான் அழகு. பள்ளி நுழைவாயிலுக்குரிய பாராட்டு கல்லில் பெயர் பொறித்த அன்றே உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை மலரிலும் கேட்பது இரட்டை வசூல். மாடி வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு எதுவும் இல்லை.

கரைவலைக் கயிற்றைப் பிடித்த கை விசைப்படகின் சுக்கானைப் பிடித்தது என்பதை மட்டும் யாராலும் தள்ளிவிட முடியாது. அது இருக்கட்டும். ஆயினும் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். வறுமையிலிருந்து வெளியேறுவதற்கு எல்லோரும் முயல்கிறார்கள். சிலருக்குக் கைகூடுகிறது, அவர்களைப் போலவே உழைத்த சிலருக்குக் கைகூடுவதில்லை, அந்த வேறுபாட்டில் காற்றுக்கும் கடனுக்கும் மீன் விலைக்கும் பெரிய பங்கு உண்டு என்பதைக் கடலோரத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடிதத்துக்கு அப்துல் கலாமைக் குறிப்பிடாமல் பதில் எழுதவே கூடாதா என்று சலித்துக்கொள்ள வேண்டாம்; இங்கே அவர் தேவைப்படுகிறார். 1980இல் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்த எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர், அக்னி ஏவுகணையை உருவாக்கிய குழுவின் தலைவர், 1997இல் பாரத ரத்னா பெற்றவர், 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். அத்தனையும் இருந்தும், தம் வாழ்வில் பேரானந்தம் தந்தவற்றைப் பேசும்போது அவர் ஏவுகணையோடு நின்றுவிடவில்லை. ஐதராபாத்து மருத்துவமனை ஒன்றில் தாம் கண்ட, கால் ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றியும் கூறுவார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் கருவிகளைக் காலில் பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்த அக்குழந்தைகளுக்கு, ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஏறத்தாழ 300 கிராம் எடையில் கருவிகள் செய்து கொடுக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகள் நடந்ததைப் பார்த்துப் பெற்றோர் கண் கலங்கியதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ராக்கெட் சிறிய காரியம் என்று அவர் கருதியிருக்க மாட்டார். ஆனால் எண்ணும்போது எதை எண்ண வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்களோ எண்ணவேண்டியதை நட்டக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். கடற்கரையை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு விசைப்படகுகள் ஒரே வலையை நடுவில் வைத்து வேகமாக இழுத்துச் செல்வதே இரட்டைமடி. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. அடியில் கடற்புல் வளர்ந்து கிடப்பது. அங்கே இரட்டைமடி போன வழியில் விலைபோகும் மீனும் விலைபோகாத குஞ்சும் ஒன்றாக மடிக்குள் வந்து சேரும். நாட்டுப்படகில் சிறு வலை போடுகிறவருக்கு மறுநாள் என்ன மிஞ்சும்? தடை செய்யப்பட்ட முறைதான் அது. ஆனால் தடை தாளில் இருக்க, பக்கத்துப் படகு நிறைய மீனோடு கரை சேர்வதைப் பார்த்துக்கொண்டே பாதி காலியான பெட்டிகளை இறக்குவது எப்படிப்பட்ட நாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கையில் படகு இருந்தது, வலை வாங்கக் கடன் கொடுக்க ஆள் இருந்திருப்பார், ஊரில் பலர் செய்தார்கள் என்ற சமாதானமும் இருந்தது. எல்லாம் இருந்தும் நீங்கள் இழுக்கவில்லை. அதற்கு ஒரு படகை விலையாகவும் கொடுத்தீர்கள். உங்கள் பட்டியலில் வேறு எதற்காவது இவ்வளவு விலை கொடுத்திருக்கிறீர்களா?

எனவே இதுதான் முதலிடத்துக்குரியது. ஆனால் அதிலும் ஒரு திருத்தம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தவர் என்று ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனைச் சொல்கிறோம், ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம் என்பதால் அந்தப் புகழ் அவருக்கு முழுவதும் தகும். எனினும், அலை அடித்துச் சென்ற கர்டர்கள், அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்கள், கடலுக்கடியில் கிடப்பதைப் பற்றிய தகவல் மீனவரிடமிருந்து வந்தது என்பதையும், அவற்றைத் தூக்கி எடுக்கப் பலருடைய தோள்கள் தேவைப்பட்டன என்பதையும் 46 நாளைப் பாராட்டுகிற பலர் நினைப்பதில்லை. உங்கள் படகிலும் நீங்கள் தனியாகப் போகவில்லை அல்லவா? பங்குக்கு வந்த ஆட்கள் இருந்தார்கள். இரட்டைமடி வேண்டாம் என்று முடிவெடுத்தவர் நீங்கள். மீன்பாடு குறைந்த நாளில் பங்கு குறைந்து வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களில் யாராவது உங்களை விட்டுப் பக்கத்துப் படகுக்கு மாறினார்களா, மாறாமல் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை.

என் சாதனையைக் கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஆசிரியர் தம் சொந்த இதழில் அதை எழுதினால் அதற்குப் பெயர் விளம்பரம். அதற்கு எங்களிடம் தனிக் கட்டணம் உண்டு.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த ஆட்களில் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். விற்ற படகின் பெயர், விற்ற ஆண்டு, அப்போதிருந்த கடன், அவர்கள் அன்று உங்களைத் திட்டியிருந்தால் அந்தத் திட்டு ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். பிள்ளைகள் மாடி வீட்டின் படத்தை அட்டையில் போட விரும்பினால் போட்டுக்கொள்ளட்டும்.