6 மீட்டரில் எதிரொலி வரும் பைல்

சார், ஆரம்பாக்கம் சைட்டில் 600 மி.மீ. விட்டம், 15 மீட்டர் பைல் (மண்ணுக்குள் வார்த்த கான்கிரீட் அடித்தளத் தூண்); தலையில் சுத்தியலால் தட்டி எதிரொலி பார்க்கும் சோதனையில் 6 மீட்டரில் எதிரொலி, ஆனாலும் ஒப்பந்ததாரர் அதன் மேல் பைல் கேப் (தலைக்கட்டு கான்கிரீட்) போடச் சொல்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து போடவிடாதீர்கள்.

முதலில் கான்கிரீட் பதிவேட்டை எடுங்கள். கணக்குப்படி 4.24 கன மீட்டர். இளகிய மண்ணில் இதைவிட அதிகமாகத்தான் இழுக்கும். குறைந்திருந்தால் குழிச்சுவர் உள்ளே பிதுங்கி இடுப்பு சிறுத்திருக்கலாம். குழியின் அடிவரை கான்கிரீட் இறக்கும் டிரெமி குழாய், போட்ட கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது முங்கியே இருந்ததா, நடுவில் லாரி தாமதமா?

எதிரொலி அடித்த திசையிலேயே வந்தால் குறுகல். எதிர்த்திசை என்றால் புடைப்பு, அதற்குப் பயம் வேண்டாம். தலையில் நொய்ந்த கான்கிரீட்டைக் கொத்திவிட்டு, வார்த்து 14 நாள் கடந்ததும் மறுபடி அடியுங்கள்.

குறுகல்தான் என்றால் வேலைச் சுமையின் (பைல் தாங்க வேண்டிய சுமை) 1.5 மடங்கு ஏற்றி, 12 மி.மீ.க்குள் இறங்குகிறதா பாருங்கள். ஆனால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போயிருந்தால் அந்தச் சோதனை காட்டாது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடிக்கும். அப்படியானால் வடிவமைப்பாளரிடம் பக்கத்தில் மாற்று பைல் கேளுங்கள்.