அப்பாவுக்குச் சுதி தப்பவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறிய பிறகு எங்களோடு திருச்சியில் இருக்கிறார். 1966 முதல் 69 வரை சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். போன வருடம் ஜூன் மாதம் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் இறந்துபோன செய்தியைப் பார்த்ததிலிருந்து, பகல் முழுக்க அந்தக் காலத்து ஆங்கிலக் குழுப் பாட்டுகளைத்தான் கேட்கிறார். 'கலிஃபோர்னியா ட்ரீமின்' என்ற பாட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஓடும். இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக்கொள்கிறார். கூடவே முணுமுணுக்கிறார், ஆனால் அது பாட்டோடு ஒட்டவே இல்லை. வரி முடிந்த பிறகு அந்த வரியைப் பாடுகிறார், மெட்டும் வேறாக இருக்கிறது. என் 11 வயது மகன் "தாத்தாவுக்குச் சுதியே சேரல" என்று சிரிக்கிறான். காது மந்தமா, மறதி நோயின் ஆரம்பமா, இல்லை பழைய காலத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாரா? பீரோவில் ஒரு போட்டோ கிடைத்தது. மூன்று பையன்கள், நடுவில் அப்பா, ஓரத்தில் நிற்பவர் கையில் கிதார். பின்புறம் 1968 என்று எழுதியிருக்கிறது. கிதார்காரர் இப்போது இல்லை. இன்னொருவர் கோவையில் இருக்கிறார், பொங்கலுக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்வார்கள். நான் என்ன செய்வது?
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது "வரி முடிந்த பிறகு அந்த வரியைப் பாடுகிறார்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உடனே அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். நீங்களும் இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை கேளுங்கள், ஆனால் பிரதான மெட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் வருவதைக் கேளுங்கள்.

அந்தப் பாட்டைப் பாடியது மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழு. ஜான் ஃபிலிப்ஸ், டென்னி டோஹர்ட்டி என்று இரண்டு ஆண்கள், மிஷெல் ஃபிலிப்ஸ், காஸ் எலியட் என்று இரண்டு பெண்கள். 1965 டிசம்பரில் வெளிவந்து 1966-இல் பெரிதாகப் பரவிய பாட்டு. ஆண் குரல்கள் ஒரு வரியைத் தொடங்கும். அது முடிவதற்குள் பெண் குரல்கள் அதே சொற்களை எடுத்து, வேறு மெட்டில், முன்னவர்கள் மேல் லேசாக ஏறியபடி திருப்பிப் பாடும். நம் ஊரில் இதற்குப் பெயரே இருக்கிறது: பின்பாட்டு. வில்லுப்பாட்டிலும் பஜனையிலும் முன்னவர் ஒன்று சொல்ல, பின்னவர் ஏற்றுப் பாடுவார்கள் இல்லையா, அதே வேலைதான்.

இப்போது போட்டோவுக்கு வாருங்கள். மூன்று பையன்கள், ஒரு கிதார், 1968. நான்கு பேர் பாடும் பாட்டை மூன்று பேர் பாட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் பின்பாட்டை எடுத்துக்கொண்டாக வேண்டும். உங்கள் அப்பாதான் அதை எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். நீங்கள் தப்பு என்று நினைத்த மெட்டு அவருடைய மெட்டு. தாமதம் என்று நினைத்தது அவருடைய இடம். மற்ற இருவரின் குரலும் சேர்ந்து ஒலிக்காததால் உங்கள் காதில் அது அந்தரத்தில் தொங்குகிறது.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில். ஒன்பது வயதில் சர்ச் கொயரில் ஆல்டோ பார்ட்டில், அதாவது பிரதான மெட்டுக்குக் கீழே ஒலிக்கும் குரல் வரிசையில், போட்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வீட்டில் பயிற்சி செய்வேன். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பாட்டி, "என்னடி இது, ஒப்பாரியும் இல்ல, பாட்டும் இல்ல" என்பார். எனக்கு அழுகையே வந்துவிடும். ஏனென்றால் ஆல்டோவைத் தனியாகப் பாடினால் அப்படித்தான் இருக்கும். ஒரே சுரத்தில் நாலு சொல், அப்புறம் அரைப் படி கீழே, மறுபடி அதே சுரம். டிசம்பர் 24 ராத்திரி சோப்ரானோவும் டெனரும் பேஸும் சேர்ந்து ஒலித்தபோது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி திரும்பி என்னைத் தேடினார். அந்தப் பார்வைதான் இன்றுவரை எனக்குப் பெரிய பரிசு.

நம் காது ஒற்றை மெட்டில் வளர்ந்த காது. கச்சேரியில் பாடகர் போகும் வழியிலேயே வயலினும் வரும். அதனால் ச பாட வேண்டிய இடத்தில் ஒருவர் க பாடினால் உடனே அபஸ்வரம் என்று தோன்றிவிடும். இந்தக் குழுக்களின் இசை வேறு கணக்கு. ஒருவர் ச-வில் நிற்க, இன்னொருவர் க-வில், மூன்றாமவர் ப-வில் ஒரே நேரத்தில் நின்றால் மூன்றும் சேர்ந்து ஒரு நிறம் கொடுக்கும். குரல்கள் துல்லியமாகச் சேரும்போது அவற்றின் மேல்சுரங்கள் (ஒவ்வொரு குரலுக்குள்ளும் மெலிதாகக் கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) ஒன்றையொன்று பலப்படுத்தி, யாருமே பாடாத ஒரு குரல் மேலே கேட்கும். மாமாஸ் அண்ட் பாப்பாஸ் நால்வரும் அந்த ஐந்தாவது குரலுக்கு 'ஹார்வி' என்று பெயரே வைத்திருந்தார்கள். ஒருமுறை அதைக் கேட்டவர்களுக்கு, அதுவும் 19 வயதில் தன் குரலும் சேர்ந்து கேட்டவர்களுக்கு, மறக்குமா?

அப்புறம் அந்த ஒற்றை இயர்போன். அறுபதுகளில் ஸ்டீரியோ புதிது. ஸ்டுடியோவில் டேப்பில் தனித்தனியாக ஒலி பதிய மூன்று, நான்கு டிராக்தான் இருக்கும். அதனால் அந்தக் காலத்து ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் குரல்களை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறு பக்கமுமாகத் தள்ளியிருப்பார்கள். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டால் டிரம்ஸும் பேஸ் கிதாரும் அடங்கிப்போய் குரல்கள் மட்டும் பக்கத்தில் வந்து நிற்கும். பார்ட் பாடுகிறவர்கள் தங்கள் வரியைப் பிடிக்கச் செய்கிற வேலை இது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பக்கத்தை மாட்டுகிறார் என்று கவனியுங்கள். பாட்டுக்குப் பாட்டு பக்கம் மாறினால் என் ஊகம் சரி. எப்போதும் ஒரே காதில்தான் என்றால் மற்ற காதைச் சோதிக்க வேண்டும்.

சோதனை எப்படியும் செய்துவிடுங்கள். 77 வயதில் காது கேட்கும் திறனை ஒருமுறை அளந்து பார்ப்பதில் தப்பில்லை. வயதோடு முதலில் குறைவது உச்ச ஒலிகள்தான். மறதி நோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய பார்ட் நினைவிருக்கிறதே என்று நிம்மதியடையவும் வேண்டாம், பழசையே பேசுகிறாரே என்று பயப்படவும் வேண்டாம். மறதி நோய் வந்தவர்களுக்கும் இளவயதுப் பாட்டுகள் கடைசிவரை தங்குவதுண்டு, அதனால் பாட்டு இதற்கு அளவுகோல் ஆகாது. பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, மாத்திரையை இரண்டு தடவை போடுகிறாரா, பணம் எண்ணுவதில் குழம்புகிறாரா, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறாரா என்று பாருங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்து, யாரோடும் பேசப் பிடிக்காமல் ஒதுங்கினாலும் டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பிரையன் வில்சன் இறந்த நாளிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் அவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் அப்பாவைப் புரிந்துகொள்ள உதவும். கலிஃபோர்னியாவில் ஹாத்தோர்ன் என்ற ஊரில் பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று சகோதரர்கள். மூவருக்கும் ஒரே படுக்கையறை. மூத்தவர் பிரையனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஃபோர் ஃப்ரெஷ்மென் என்ற குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று பியானோவில் பிரித்தெடுப்பார். தம்பிகளுக்கு ஆளுக்கொரு பார்ட் சொல்லிக்கொடுப்பார். ராத்திரி விளக்கணைத்த பிறகு படுக்கையில் கிடந்தபடியே மூவரும் பாடுவார்கள். பின்னால் 1963-இல் அந்த அறையைப் பற்றியே ஒரு பாட்டு செய்தார்கள், 'இன் மை ரூம்'. அதன் முதல் சரணத்தில் கேட்பது அந்த மூன்று சகோதரர்களின் குரல்தான்.

டென்னிஸ் 1983-இல் கடலில் மூழ்கி இறந்தார். கார்ல் 1998-இல் போனார். பிரையன் 2025-இல். அந்த அறையில் இப்போது ஒருவரும் இல்லை. மூன்று பேர் சேர்ந்து பாடிய ஒரு ஹாஸ்டல் அறையை மனதில் வைத்திருக்கிற மனிதருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிதார்காரர் போன துக்கத்தையே அவர் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி இறந்தால் ஊரே வந்து துக்கம் கேட்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் கூடப் பாடியவன் இறந்தால் யார் வந்து கேட்பார்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

"அப்பா, எப்பவும் பழைய பாட்டுதானா" என்று கேட்காதீர்கள். "அப்பா, இதுல உங்க பார்ட் எது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மனிதர் உடனே பேசாமல் போகலாம், இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது ஆரம்பிப்பார். யார் மேல் குரல், யார் கீழ், எந்த மெஸ்ஸில் எந்த மேஜையில் தாளம் போட்டார்கள், பாட்டை எப்படிப் பிடித்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். அன்றைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பாட்டுகள் சிலோன் ரேடியோவின் ஆங்கில ஒலிபரப்பில்தான் கிடைத்தன. சிற்றலையில் குரல் ஏறி இறங்கிக் கரகரக்கும். ஒரு தடவை போனால் அடுத்த தடவை எப்போது வருமோ, அதற்குள் ஒருவர் சொற்களையும் ஒருவர் மெட்டையும் பிடித்து வைக்க வேண்டும். அப்படிச் சேர்த்த பாட்டுக்கு இருக்கும் ருசி பத்துத் தடவை ஓட்டினாலும் தீராது.

அடுத்தது, பிரதான மெட்டை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். கஷ்டமே இல்லை, ஒரு வாரம் போதும். உங்கள் குரல் நன்றாக இல்லை என்று சாக்கு சொல்லாதீர்கள். அவர் பின்பாட்டை எடுக்கும் நேரத்தில் நீங்கள் முன்பாட்டை மெதுவாகப் பாடுங்கள். அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், பேரனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை நண்பரோடு வீடியோ காலில் பாட வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது வேண்டாம். வீடியோ காலில் குரல் போய்ச் சேர நொடியில் ஒரு பங்கு தாமதமாகும். பேச்சுக்கு அது தெரியாது, சேர்ந்து பாடுவதைக் கெடுத்துவிடும். இருவருக்கும் நம்மால் முடியவில்லை என்ற ஏக்கம்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக அந்த நண்பரைக் கூப்பிட்டு, அவருடைய பார்ட்டை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சுருதியில், எந்த வேகத்தில் என்று மட்டும் முன்னமே ஒத்துக்கொள்ளட்டும், இயர்போனில் மூலப் பாட்டை ஓடவிட்டு அதன் மேல் பாடினால் வேகம் தானாகச் சரியாகிவிடும். உங்கள் அப்பாவும் அப்படியே தன் பார்ட்டைப் பதியட்டும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன, 11 வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை.

இதைப் பொய்யான பாட்டு என்று உங்கள் அப்பா மறுத்தால், பிரையன் வில்சனே அப்படித்தான் செய்தார் என்று சொல்லுங்கள். 1966-இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் 'காட் ஒன்லி நோஸ்' பாட்டின் முடிவில் குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். கார்ல் களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விட, மேல் குரலையும் கீழ்க் குரலையும் பிரையனே தனித்தனியாகப் பதிந்து பாடினார், நடுவில் குழுவின் இன்னொரு பாடகரான ப்ரூஸ் ஜான்ஸ்டன். அந்த ஆல்பத்தின் குரல்களை மட்டும் வாத்தியமில்லாமல் பிரித்து 1997-இல் ஒரு தொகுப்பில் வெளியிட்டார்கள். இணையத்தில் தேடி அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள், இரண்டு காதிலும் மாட்டச் சொல்லி.

மூன்றாவது பார்ட் ஒன்று பாக்கி இருக்கிறது, கிதார்காரருடையது. அது எந்தக் குரல் என்று அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல் குரலாக இருந்தால் உங்கள் மகனுக்குக் கொடுங்கள். தாத்தாவே சொல்லிக்கொடுக்கட்டும், பிரையன் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொரு வரியாக. 11 வயது என்கிறீர்கள். குரல் உடைவதற்கு அதிகம் போனால் இரண்டு, மூன்று வருடம்தான் இருக்கும், அப்புறம் அந்த உயரத்துக்கு ஏற முடியாது. காலாண்டு விடுமுறைவரை காத்திருக்காதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.