கிரிட்டில் ஒட்டிய டிரம்ஸ்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எங்கள் பேண்டின் புதுப் பாட்டுக்கு லைவ் டிரம்ஸ் பதிவு செய்தோம். டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு 100 பீட். டிரம்மர் கிளிக் (பீட்டைக் காட்டும் டிக் ஒலி) கேட்டுத்தான் வாசித்தார். ஆனாலும் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது வேகமெடுத்து ஓடிவிடுகிறார். முழுக்க குவாண்டைஸ் செய்தேன் (மென்பொருளில் எல்லா அடியையும் கிரிட்டுக்கு, அதாவது டெம்போவின் சரியான நேரக் கோடுகளுக்கு இழுத்தேன்), உயிர் போய்விட்டது. 50 சதவீதம் வைத்தால் ஓடுவதும் மிச்சமிருக்கிறது, உயிரும் சரியாக வரவில்லை. என்ன செய்வது?

கே.

அன்புள்ள கே.,

50 சதவீதம் வைத்தால் எல்லா அடியும் பாதி தூரம் கிரிட்டை நோக்கி நகரும். கை தவறி விழுந்த அடி எது, அவர் பாணியில் தள்ளி விழுந்த அடி எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

அவர் நிதானமாக வாசித்த எட்டு பாரை (தாளச் சுற்றை) முதலில் எடுத்துப் பாருங்கள். உங்கள் டெம்போவில் ஒரு பீட் 600 மில்லிசெகண்ட். ஸ்னேர் (கம்பி அதிரும் சின்ன டிரம்) ஒவ்வொரு முறையும் 15 மில்லிசெகண்ட் அளவுக்குத் தள்ளியே விழுகிறது என்றால் அது அவர் கை. பாட்டின் நடையே அதில்தான் இருக்கிறது, தொடாதீர்கள். எங்கோ ஒரு ஸ்னேர் 40 தள்ளி விழுந்தால் அதை 15க்குக் கொண்டுவாருங்கள், போதும். கிரிட் வரை இழுக்க வேண்டாம். ஸ்னேரில் மெதுவாக விழும் சின்னச் சின்ன அடிகளையும் விட்டுவிடுங்கள். ஃபிளாமில் அடுத்தடுத்து விழும் இரண்டு அடியைக் குவாண்டைஸ் ஒன்றாக நசுக்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் திரையைப் பார்க்காமல் பாட்டைக் கேளுங்கள். காது எங்கே தடுக்கிறதோ அங்கே மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பல்லவிக்கு முந்தைய ஃபில்லில் (ஒரு பகுதியை அடுத்ததோடு இணைக்கும் டிரம் வாசிப்பில்) பெரும்பாலும் முதல் அடி சரியாக இருக்கும், போகப்போக நெருங்கி, கடைசியில் கிராஷ் சிம்பல் முந்திவிடும். கிராஷ் விழும் முதல் பீட்டை இடத்தில் வைத்துவிட்டு, நடுவில் உள்ள அடிகளை அவற்றின் விகிதம் கெடாமல் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கிரிட்டில் ஒட்டினால் ஃபில் தட்டச்சு ஓசையாகிவிடும்.

எந்த அடியை நகர்த்தினாலும் எல்லா மைக்கையும் குரூப் போட்டு ஒன்றாக நகர்த்துங்கள். ஸ்னேர் சத்தம் டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் அறைச் சத்தத்தைப் பிடிக்கும் ரூம் மைக்கிலும் பதிந்திருக்கும். ஸ்னேர் ட்ராக்கை மட்டும் 20 மில்லிசெகண்ட் நகர்த்தினால், ஓவர்ஹெட்டில் பழைய இடத்திலேயே இன்னொரு ஸ்னேர் கேட்கும். அடிக்குச் சற்று முன்னால் வெட்டி, குட்டி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றொன்று எழும் இணைப்பு) கொடுங்கள். கிராஷ் அதிர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் வெட்டு அப்பட்டமாகக் கேட்கும். அங்கே வேறு டேக்கிலிருந்து (இன்னொரு முறை வாசித்த பதிவிலிருந்து) அந்த பாரையே எடுத்துப் போடுவது நல்லது. ஒலியை நீட்டிச் சுருக்கும் வழியை சிம்பல் தாங்காது.

இன்னொன்று. பேஸும் கிட்டாரும் இன்னும் பதிவாகவில்லை என்றால், பல்லவி முழுவதும் அவர் 102இல் நிலையாக வாசிக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அதைத் திருத்தவே வேண்டாம். பாட்டு அங்கே எழும்ப வேண்டும் என்று அவர் உணர்ந்து வாசித்திருக்கிறார். டெம்போ மேப்பை (எங்கே என்ன டெம்போ என்ற குறிப்பை) அவருக்கேற்ப மாற்றி, மற்றவர்களை அதன்மேல் வாசிக்கச் சொல்லுங்கள்.