ஆமைக்காகப் படித்தால் வேலை கிடைக்குமா? கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அண்ணா,

உங்கள் மகள் பிளஸ் டூவில் பயாலஜி முடித்திருக்கிறாள். ஆமைகளைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள். நீங்களோ சொந்தமாக ஜேசிபி வைத்துக் குளம் தூர் வாரும் வேலை எடுத்துச் செய்கிறவர். வீட்டில் நர்சிங் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். “இவள் படித்து வந்து என் வண்டியையே நிறுத்தச் சொல்வாளோ” என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “ஆமைப் பாதுகாவலர் தேவை” என்று எந்த விளம்பரமும் வராது. இந்த வேலை கட்டுமானத் துறைக்கு உள்ளேதான் இருக்கிறது, வேறு பெயரில். அதனால் உங்கள் தொழிலுக்கு எதிர்ப்பக்கம் போகிறாள் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்துக் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது, குளங்களில் வாழும் பாலாமை சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே மண் காய்ந்து வெடித்தாலும் மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். தூர் வாருவதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். பக்கெட்டில் வரும்போது ஆமையும் ஒரு சேற்று உருண்டைதான். ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? நசுங்காமல் தப்பினால்கூட, லாரியில் ஏறிப்போய் யாரோ ஒருவர் தென்னந்தோப்பில் வண்டலோடு வெயிலில் கிடக்கும்.

இந்த இடத்தில் ஆமை பற்றிப் படித்தவர் செய்வது மந்திர வேலை ஒன்றும் இல்லை. வேலை தொடங்குமுன் கரையைச் சுற்றி நடந்து தடமும் முட்டைக் குழியும் பார்ப்பார். மீன் பிடிப்பவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் பேசுவார். குளத்தை ஒரே வீச்சில் வாராமல் பாதியை இப்போது, மீதியைப் பிறகு என்று பிரிக்கச் சொல்வார். எடுத்த வண்டலைக் கரையில் பரப்பி, கம்பால் கிளறிப் பார்த்த பிறகே லாரியில் ஏற்றச் சொல்வார். இதற்கு ஒரு ஆள் கூலி கூடுதலாகலாம், வேலை நிற்காது. அப்புறம் கரை. இப்போது அழகு என்று நினைத்து நாலு பக்கமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் கட்டிவிடுகிறார்கள். ஆமை மேலே ஏறி மண்ணில் முட்டையிட வேண்டும். அந்தச் சுவரில் எப்படி ஏறும்? ஒரு பக்கமாவது சரிவான மண்கரை விடும்படி வரைபடத்திலேயே திருத்த வைப்பதுதான் நல்ல நிபுணரின் பெரிய வேலை என்று நான் சொல்வேன். ரோட்டு வேலை என்றால், கல்வெர்ட்டுக்குள் மண் தரை இருக்கிறதா, இரவில் திறந்து கிடக்கும் குழியில் விழுந்த ஆமை ஏறிவரச் சரிவு இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஆமை கிடைத்தால் சாக்கில் போட்டு வேறு குளத்தில் விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கூடாதுங்க. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இல் பாலாமை முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில், இருக்கிறது. பிடிப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பிடிப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். தொழில் செய்கிற உங்களுக்கே இது தெரிந்திருப்பது நல்லது.

சரி, சம்பளம் யார் கொடுப்பார்கள்? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் கட்டிடங்கள், பெரிய நெடுஞ்சாலைகள், சுரங்கங்கள் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை. அதற்கான அறிக்கையைத் தயாரிப்பவை நாபெட் என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள். அவற்றில் சூழலியல், பல்லுயிர் பிரிவுக்கென்று நிபுணர் இருந்தாக வேண்டும். அந்த நாற்காலிக்கு முதுநிலைப் பட்டமும் அனுபவமும் வேண்டும். இன்னொரு வழி அரசுத் தேர்வு. விலங்கியல் பட்டதாரியோ வனவியல் பட்டதாரியோ இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சி நிறுவனங்களில் திட்டப் பணியாளர் இடங்களும் வரும்.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. முதல் சில வருடம் பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான். ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். மாதா மாதம் நிச்சயமான சம்பளம்தான் முக்கியம் என்றால் நர்சிங் நல்ல படிப்பு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்து இரண்டாம் வருடம் நின்றுவிட்டால் பணமும் போச்சு, வருடமும் போச்சு.

என் யோசனை: இளநிலையில் ஆமையைத் தேட வேண்டாம், அகலமான பட்டம் எடுக்கட்டும். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். வனவியல் என்றால் திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் இருக்கின்றன. பிறகு முதுநிலையில் காட்டுயிர் பக்கம் திரும்பட்டும். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் இரண்டும் இத்துறையில் பேர் வாங்கியவை. பட்டத்தோடு வரைபட மென்பொருளும் கற்றுக்கொண்டால்தான் ஆலோசனை நிறுவனங்களில் மதிப்பு.

பொண்ணு காட்டில், வயலில் எப்படித் திரிவாள் என்ற பயம் உங்கள் வரிகளுக்கிடையில் தெரிகிறது. சாலக்குடிப் பக்கத்து மழைக்காட்டில் 1982-இல் பிரம்பாமையை மறுபடி கண்டறிந்தது விஜயா என்ற பெண். 1912-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஆமை அது. இன்று அதன் அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது: விஜயாகெலிஸ். உங்கள் மகளுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறவளிடம் விவசாயியும் பேசுவார், ஆபரேட்டரும் பேசுவார். களப்பணியில் பாதி வேலை அதுதான்.

இந்த விடுமுறையில் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அமைந்த குழு அது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அதன் பொறுப்பு. உங்கள் ஊர்க் குளங்களில் பாலாமை, காராமை எங்கெங்கே இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தால் அதில் சேர்க்கலாம். சம்பளம் கிடைக்காது, ஆனால் முதுநிலை நேர்காணலில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

கடைசியாக, சான்றிதழ் விஷயம். பள்ளிப் படிப்பும் ரேஷன் கார்டும் கேரளத்தில் என்றால் தமிழ்நாட்டு ஒதுக்கீடு தானாகக் கிடைத்துவிடாது. மேட்டுப்பாளையத்துக்கு விண்ணப்பிக்குமுன் இருப்பிட விதியை அந்த வருட விவரக் குறிப்பேட்டில் படித்துவிடுங்கள். வெள்ளானிக்கரைக்கு நீட் மதிப்பெண்ணும் கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகத்தில் பதிவும் வேண்டும். இரண்டு பக்கமும் கடைசித் தேதிகள் வேறு வேறு. வில்லேஜ் ஆபீஸில் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.